உழைப்பாரைப் பற்றிய அறிவு யாருக்கு உரியது?

(சர்வதேச மனிதவள ஆராய்ச்சியில் கல்விக்கழகங்களும் தொழில் நிறுவனங்களும் கூடிப் பணிபுரிவது குறித்து ஆற்றிய சொற்பொழிவு)



பல தேசங்களில் கிளை பரப்பி நிற்கும் தொழில் நிறுவனங்கள் தம்மிடம் உழைக்கும் மக்களை எவ்வாறு தேர்ந்தெடுக்கின்றன, எவ்வாறு பயிற்றுகின்றன, எந்த அளவுகோல் கொண்டு ஊதியம் வகுக்கின்றன, ஒரு நாட்டில் நன்றாக நடக்கும் நிர்வாக முறை மற்றொரு நாட்டு மண்ணில் ஏன் வேரூன்ற மறுக்கிறது என்னும் கேள்விகளுக்கு விடை தேடுகிற ஆராய்ச்சியில், கல்விக்கழகங்களும் தொழில் நிறுவனங்களும் கூடிப் பணிபுரிய வேண்டியதன் அவசியத்தைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். அவசியம் உண்டென்பதில் இன்று எவருக்கும் ஐயமில்லை. ஆகவே, அந்தக் கூட்டுறவு எந்த நிபந்தனைகளின்மேல் அமைந்தால் உண்மையான அறிவு விளையும், எவை குறைந்தால் அது பழுதுபடும் என்பதையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொள்கிறேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய ஆராய்ச்சியில் பேராசிரியர், நிறுவனத்தார் என்னும் இரு தரப்பாரே கையொப்பமிடுவது வழக்கமாக இருக்கிறது. ஆனால் யாருடைய கைகளையும் களைப்பையும் விருப்பு வெறுப்புகளையும் பற்றி ஆராய்கிறோமோ அந்தத் தொழிலாளி மூன்றாம் தரப்பாராக அந்த உடன்படிக்கையில் இடம்பெறாத வரையில், அவ்வாராய்ச்சி கண்டு சொல்லும் உண்மை முழு உண்மையாகாது.

இரசாயன சாஸ்திரி தன் ஆய்வுக்கூடத்தைத் தானே அமைத்துக்கொள்ளலாம். வான சாஸ்திரிக்கு வானம் தடையின்றித் திறந்திருக்கிறது. உழைப்பைப் பற்றி ஆராய்கிற அறிஞனுக்கோ அவனுடைய ஆய்வுக்கூடம் பிறருடைய ஆலையாக இருக்கிறது. அதன் வாயிலில் காவலாளி நிற்கிறான். உள்ளே செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். கேட்கிற கணக்குப் புத்தகம் கிடைப்பதும் கிடைக்காமற்போவதும் நிர்வாகியின் மனத்தைப் பொறுத்தது. மறுபுறத்தில், நிர்வாகியிடம் வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் விபத்துக் கணக்கும் மலைபோல் குவிந்து கிடப்பினும், அன்றாட நெருக்கடிகளிலிருந்து சற்று விலகி நின்று அவற்றின் பொருளை யோசிக்கும் அவகாசமும், தனக்குப் பாதகமான முடிவையும் அஞ்சாமல் எழுதிவைக்கும் சுதந்திரமும் அவருக்கு அரிதாகவே வாய்க்கின்றன. ஒருவரிடம் செய்தி இருக்கிறது, மற்றவரிடம் ஓய்வும் முறையும் இருக்கின்றன. இருவரும் சேர வேண்டும் என்பது இயல்பாகவே பெறப்படுகிறது. அவ்வாறு சேர்ந்தபோது என்ன நேர்ந்தது என்பதற்குச் சென்ற நூற்றாண்டின் சரித்திரத்திலிருந்து நான்கு நிகழ்ச்சிகளைத் தங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, அமெரிக்காவில் சிகாகோ நகரை அடுத்த சிஸெரோ என்னும் ஊரில், தொலைபேசிக் கருவிகள் செய்துவந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தார்ன் தொழிற்சாலையில் நடந்தது. விளக்கொளியைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று 1924-ஆம் ஆண்டு முதல் 1927 வரை அங்கே பரிசோதித்தார்கள். ஒளியைக் கூட்டிய பிரிவிலும் உற்பத்தி ஏறிற்று, ஒப்பிடுவதற்காக ஒளியை மாற்றாமல் விட்ட பிரிவிலும் ஏறிற்று. காரணம் விளக்கில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது என்று உணர்ந்தவர்கள், 1927-இல் ஐந்து பெண்களைத் தனி அறையொன்றில் அமர்த்தி, அவர்களுக்கு உறுப்புகளை எடுத்துக் கொடுக்க மற்றொரு பெண்ணையும் உடன் வைத்து, ‘ரிலே’ என்னும் சிறு மின்கருவியைப் பூட்டச் செய்தார்கள். ஏறத்தாழ முப்பத்தைந்து உறுப்புகள் கொண்ட அக்கருவியை ஒரு நிமிஷ அளவில் ஒருத்தி பூட்டி முடித்து, தன் பக்கத்திலுள்ள சரிவுப் பெட்டியில் போடுவாள். போட்ட கணமே, ஓடிக்கொண்டிருக்கும் காகித நாடாவில் ஒரு துளை விழும். அந்தத் துளைகளே அவளுடைய உழைப்பின் சரித்திரமாயின. இடையில் ஓய்வு தந்தார்கள், சிற்றுண்டி தந்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள், உற்பத்தி ஏறிற்று. பின்னர்ச் சலுகைகளை எல்லாம் நீக்கிப் பழைய வேலை நேரத்திற்கே திரும்பியபோதும் அது பழைய நிலைக்கு இறங்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் பிறந்து ஹார்வர்டு வணிகக் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்திருந்த எல்டன் மேயோ 1928-இல் இவ்வாராய்ச்சியில் கலந்துகொண்டார். ஹார்வர்டைச் சேர்ந்த ரோத்லிஸ்பெர்கரும், அதே தொழிற்சாலையில் உத்தியோகம் பார்த்த டிக்ஸனும் சேர்ந்து எழுதிய பெருநூல் 1939-இல் வெளியாயிற்று. கல்விக்கழகத்தார் ஒருவரும் தொழிற்சாலையார் ஒருவரும் சமமான ஆசிரியர்களாக ஒரே நூலின் முகப்பில் நின்ற அக்காட்சி, கூட்டாராய்ச்சியின் சரித்திரத்தில் ஒரு நல்ல தொடக்கம் என்றே சொல்ல வேண்டும். ஆயினும் அந்த அறையில் நடந்த மற்றொன்றையும் மறைக்கலாகாது. பரிசோதனை தொடங்கிய சில மாதங்களில், ஓயாமல் பேசுகிறார்கள், ஒத்துழைப்பதில்லை என்ற காரணத்தால் ஐவரில் இருவரை அகற்றிவிட்டு வேறு இருவரை அமர்த்தினார்கள். ஊதிய முறையும் அந்தச் சிறு குழுவின் உற்பத்தியை ஒட்டிக் கணக்கிடப்படும்படி மாற்றப்பட்டிருந்தது. அன்பும் கவனிப்பும்தான் உற்பத்தியைக் கூட்டின என்று உலகம் பாராட்டிப் பேசிக்கொண்டிருந்த பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1967-இல் அலெக்ஸ் கேரி என்னும் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இவ்விரண்டு செய்திகளையும் முன்னே எடுத்துவைத்து, அம்முடிவின் அடித்தளத்தையே வினவினார். ஒத்துழைக்காதவர் என்று அகற்றப்பட்ட அவ்விரு பெண்களும் என்ன நினைத்தார்கள் என்பதை அந்த அறையின் கணக்கில் எழுதுவதற்கு ஓர் இடம் இருந்திருக்குமானால், இந்தச் சந்தேகம் நாற்பது ஆண்டு காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

இக்குறையை நிரப்பும் வழியும் அதே தொழிற்சாலையிலேயே தற்செயலாகப் புலப்பட்டது என்பது வியப்புக்குரியது. 1928 முதல் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரை அங்கே பேட்டி கண்டார்கள். முதலில், மேற்பார்வையாளர் எப்படி, வேலை எப்படி, இடவசதி எப்படி என்று முன்கூட்டியே வகுத்த வினாக்களைக் கேட்டார்கள். கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூறிவிட்டு, தொழிலாளர் தம் மனத்தில் இருந்த வேறொன்றைப் பற்றியே மீண்டும் மீண்டும் பேசத் தலைப்பட்டதைக் கண்டபின், வினாத்தாளை மூடி வைத்துவிட்டு, அவர்கள் எடுத்த பொருளையே அவர்கள் போக்கில் பேசவிட்டார்கள். அரை மணியில் முடிந்த பேட்டி ஒன்றரை மணி வரை நீண்டது. நிர்வாகத்தார் அற்பமென்று கருதியவை தொழிலாளிக்குப் பெரியவை என்றும், நிர்வாகத்தார் பெரிதென்று எண்ணியவை பல சமயம் அவனுக்குப் பொருட்டல்ல என்றும் அப்போதுதான் தெரிந்தது. கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கை மாறிய உடனே அறிவின் அளவும் தன்மையும் மாறிவிட்டன. ஹாத்தார்ன் நமக்கு விட்டுச்சென்ற செல்வங்களுள் தலையாயது இதுவே என்பது என் துணிபு.

இரண்டாவது நிகழ்ச்சி நம் தேசத்தில், சபர்மதிக் கரையிலுள்ள அகமதாபாத்தில் நடந்தது. அந்நகரத்தின் முன்கதையைச் சற்றே நினைவுகூர்ந்தாலன்றி அதன் அருமை விளங்காது. 1918-இல் ஆலைத் தொழிலாளர் ஊதிய உயர்வு கோரி வேலை நிறுத்தம் செய்தபோது, காலிகோ ஆலையின் அதிபர் அம்பாலால் சாராபாய் முதலாளிகள் தரப்பில் முன் நின்றார்; அவருடைய உடன்பிறந்த தமக்கை அனசூயா சாராபாய் தொழிலாளர் பக்கம் நின்றார்; காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்தார்; வழக்கு மத்தியஸ்தத்தில் முடிந்தது. அந்தப் போராட்டத்தின் விளைவாக 1920-இல் மஜூர் மகாஜன் என்னும் தொழிற்சங்கம் எழுந்தது. இருதரப்பாரும் எதிரெதிரே அமர்ந்து பேசித் தீர்க்கும் வழக்கம் அந்நகரத்தில் இவ்வாறு ஒரு தலைமுறைக் காலம் பழகியிருந்தது. சுதந்திரம் வந்த 1947-இல் ஆலையதிபர்கள் ஒன்றுகூடி அட்டிரா என்னும் நெசவாராய்ச்சிக் கழகத்தை நிறுவினார்கள். அதனை நடத்தியவர் அம்பாலாலின் மகன் விக்ரம் சாராபாய். நூலையும் சாயத்தையும் பற்றிய ஆராய்ச்சிக்கு நடுவே, மனித உறவுகளை ஆராயவும் அங்கே ஒரு பிரிவு ஏற்பட்டது; அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சமூக மனோதத்துவம் பயின்று திரும்பிய கமலா சௌதரி அதற்குத் தலைமை தாங்கினார். பருத்தி ஆலைக்கு மனோதத்துவம் எதற்கு என்று பலர் கேட்டிருக்கக்கூடிய காலத்தில் இதைச் செய்தவர்களுடைய தீர்க்கதரிசனத்தை நாம் மறத்தலாகாது.

அம்பாலாலின் மற்றொரு மகனான கௌதம் சாராபாய் காலிகோ ஆலையின் தலைவராக இருந்தார். 1952-இல் அவ்வாலையில் தானியங்கித் தறிகளை நிறுவினார்கள். புதிய இயந்திரம் வந்தும் உற்பத்தி எதிர்பார்த்தபடி பெருகவில்லை, துணியில் சேதம் குறையவில்லை. லண்டனிலுள்ள டாவிஸ்டாக் மனித உறவுக் கழகத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953-இல் அங்கே வந்தார். அந்தக் கழகத்தார் இரண்டாண்டுக்கு முன்புதான் பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றி ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டிருந்தார்கள்; அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான கென் பாம்ஃபோர்த் தாமே பல ஆண்டுகள் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர். இயந்திரம் மாறும்போது அதைச் சுற்றி மனிதர் கூடி வேலை செய்யும் ஒழுங்கும் உடன் மாறாவிட்டால் இரண்டும் கெடும் என்பது அவர்கள் கண்ட உண்மை.

ரைஸ் அந்தத் தறிக்கூடத்தில் கண்டது என்ன? 224 தறிகளை 29 தொழிலாளர் பார்த்துக்கொண்டார்கள்; அந்த 29 பேரும் 12 வகை வேலைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். நெய்பவர் ஒருவர், ஊடை நூற்கண்டுகளைத் தறியில் நிரப்புபவர் ஒருவர், அறுந்த பாவு இழைகளை எடுத்து முடிபவர் ஒருவர், எண்ணெய் இடுபவர் ஒருவர், நெய்த துணியைச் சுமந்து செல்பவர் ஒருவர், பெருக்குபவர் ஒருவர் என்று பகுத்து, ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை தறி என்று நிபுணர்கள் கணக்கிட்டிருந்தார்கள். வேலைக்கு வேலை அந்தத் தறித்தொகை வேறுபட்டது. ஆகையால் ஒரு நெசவாளியின் தறிகளில் சில ஒரு கண்டு நிரப்புபவருக்கும் சில வேறொருவருக்கும் சேர்ந்தன. இழை அறுந்து தறி நின்றால், அதை முடிய வரவேண்டியவர் அந்தச் சமயத்தில் இன்னொரு நெசவாளியின் தறியருகே குனிந்திருப்பார். யாரும் எவரோடும் முழுமையாகச் சேர்ந்தவரில்லை. ஒரு குறிப்பிட்ட துணிக்கு இன்ன இன்னார் பொறுப்பு என்று சுட்டிக் காட்ட முடியாது. எல்லாரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போதே மொத்த வேலை கெட்டுக்கொண்டிருந்தது. கணக்கின்படி பிழையில்லாத அந்த அமைப்பு, மனிதர் கூடி உழைக்கும் இயல்பை மறந்திருந்தது.

ரைஸ் வைத்த யோசனை மிக எளியது. தறிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சிறு குழு முழுப் பொறுப்பேற்கட்டும் என்றார். ஏழு பேர் கொண்ட குழுவுக்கு 64 தறி. குழுவுக்குள்ளிருந்தே ஒரு தலைவர். ஒருவர் வேலையை மற்றவர் தேவைக்கேற்ப ஏற்றுக்கொள்ளலாம். ஆலைத் தலைவரோடும் மேலாளரோடும் நெசவு மேஸ்திரிகளோடும் பேசிய இந்த யோசனை தொழிலாளரிடம் சென்றபோது, அவர்கள் அதை உற்சாகத்தோடு ஏற்று, யார் யாரோடு சேர்வது என்பதைத் தாமே தீர்மானித்துக் குழுக்களை அமைத்துக்கொண்டார்கள். தறியின் திறன் 80 சதவீதத்திலிருந்து 95 சதவீதத்துக்கு ஏறிற்று. துணிச் சேதம் 32 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கு இறங்கிற்று. இயந்திரத்தில் ஒரு திருகும் மாறவில்லை. இதை ரைஸ் 1958-இல் விரிவான நூலாக எழுதி வெளியிட்டார். அகமதாபாத் பரிசோதனை என்ற பெயரோடு அது உலகெங்கும் படிக்கப்பட்டது.

இங்கே கூர்ந்து கவனிக்க வேண்டியது, அந்நிய தேசத்து அறிஞர் கொண்டுவந்த யோசனை எந்த இடத்தில் இந்த மண்ணுக்குரியதாயிற்று என்பது. லண்டனில் வகுத்த கருத்தை அப்படியே கொண்டுவந்து தறிக்கூடத்தில் ஆணையாகச் சுமத்தியிருந்தால் அது பழைய பன்னிரண்டு பிரிவுகளைப்போல மற்றொரு கணக்காகவே முடிந்திருக்கும். உடன் உழைக்கும் தோழர்களைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பு தொழிலாளரிடம் சென்றபோதுதான், யாருக்கு யாரோடு ஒத்துவரும், யாருடைய கை வேகமானது, யார் பொறுமையானவர் என்று எந்த ஆராய்ச்சியாளனும் எழுதிவைக்க முடியாத அனுபவ அறிவு அந்த அமைப்புக்குள் வந்து சேர்ந்தது.

இவ்வாராய்ச்சிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. பெரும்பாலான கூட்டாராய்ச்சிகள் அறிக்கை கொடுத்த நாளோடு முடிந்துவிடுகின்றன. டாவிஸ்டாக் கழகத்தாரோ விட்டுவிடவில்லை. எரிக் மில்லர் 1970-இல் அதே ஆலைக்கு வந்து, இடைப்பட்ட ஆண்டுகளில் என்ன ஆயிற்று என்று பார்த்து, 1975-இல் எழுதினார். ஒரு தறிக்கூடத்தில் குழு முறையும் அதன் பலனும் ஏறக்குறைய மாறாமல் நிலைத்திருந்தன. மற்றவற்றில் வெவ்வேறு அளவில் பழைய முறை திரும்பியிருந்தது. வெற்றியை மட்டும் எழுதிவிட்டு விலகாமல், வெற்றி தேய்ந்த இடத்தையும் திரும்பி வந்து பார்த்து எழுதிய அந்த நேர்மையை நான் மிகவும் மதிக்கிறேன். சாஸ்திரம் என்னும் பெயருக்குத் தகுதி தருவது இந்தப் பொறுமைதான்.

மூன்றாவதாக ஹாலந்து தேசத்தவரான கீர்ட் ஹாஃப்ஸ்டெட்டின் ஆராய்ச்சியைக் குறிப்பிட வேண்டும். சர்வதேச மனிதவள ஆராய்ச்சி என்றவுடன் எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் அவருடையது. 1965-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஐரோப்பியப் பகுதியில் சேர்ந்த அவர், அங்கே பணியாளர் ஆராய்ச்சிக்கென ஒரு பிரிவை அமைத்தார். பணியாளரின் மனநிறைவை அறிய அந்நிறுவனம் உலகெங்கும் வினாத்தாள்களை அனுப்பிவந்தது. 1967 முதல் 1973 வரை 1,16,000-க்கு மேற்பட்ட விடைத்தாள்கள் பற்பல பாஷைகளில் சேர்ந்தன. நிறுவனத்துக்குத் தேவையாக இருந்தது அவ்வப்போதைய குறைநிறைகளைத் தெரிந்துகொள்வது மட்டுமே. அந்தத் தாள்களில் தேசத்துக்குத் தேசம் வேறுபடும் மனோபாவம் மறைந்து கிடக்கிறது என்று கண்ட ஹாஃப்ஸ்டெட், 1971-இல் விடுப்புப் பெற்று ஸ்விட்ஸர்லாந்தின் லோசான் நகரத்து நிர்வாகக் கல்லூரிக்குச் சென்று, வேறு நிறுவனங்களைச் சேர்ந்த மேலாளர்களிடமும் அதே வினாக்களைக் கேட்டுப் பார்த்தார். அதே வேறுபாடுகள் தென்பட்டன. 1980-இல் 40 தேசங்களை ஒப்பிட்டு அவர் வெளியிட்ட நூலில் நிறுவனத்தின் பெயரை மறைத்துப் புனைபெயரால் குறித்திருந்தார். அதிகாரத்தில் உள்ளவருக்கும் கீழுள்ளவருக்கும் இடையே எவ்வளவு தூரத்தை மக்கள் இயல்பென ஏற்கிறார்கள், தனிமனிதனா கூட்டமா எது முதன்மை, நிச்சயமின்மையை எவ்வளவு சகிக்கிறார்கள், போட்டிக்கும் வெற்றிக்கும் எவ்வளவு மதிப்புத் தருகிறார்கள் என்னும் நான்கு அளவுகோல்களை அவர் வகுத்தார். நிறுவனத்தின் அலமாரியில் உறங்கியிருக்கக்கூடிய தாள்களைக் கல்வியுலகம் தட்டி எழுப்பி உலகத்துக்குப் பயன்படுத்தியது என்ற வகையில் இது மகத்தான காரியம்.

ஆனால் ஒரு நிறுவனத்தார், தம் காரியத்துக்காக, தம் பணியாளரிடம் கேட்ட கேள்விகள், ஒரு தேசத்து மக்கள் அனைவருடைய உள்ளத்தையும் அளக்கப் போதுமா என்ற தடையைப் பலர் எழுப்பினார்கள். 2002-இல் பிரெண்டன் மக்ஸ்வீனி எழுதிய கண்டனம் அவற்றுள் பெயர்பெற்றது. அதைவிட ஆழமான திருத்தம் கிழக்கிலிருந்து வந்தது. ஹாங்காங்கிலுள்ள சீனப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த மைக்கேல் பாண்ட், மேற்கத்தியர் வகுத்த வினாக்களை ஒதுக்கிவைத்து, சீன மக்கள் தமக்கு அடிப்படையென்று கருதும் நற்பண்புகளைச் சீன அறிஞரிடமே கேட்டுப் பட்டியலிட்டு, அதிலிருந்து வினாத்தாள் தயாரித்து, இருபதுக்கு மேற்பட்ட தேசங்களில் மாணவர்களிடம் கொடுத்தார். 1987-இல் வெளியான அதன் முடிவில், ஹாஃப்ஸ்டெட்டின் நான்கில் எதிலும் அடங்காத ஓர் அளவுகோல் வெளிப்பட்டது. விடாமுயற்சியும் சிக்கனமும் வருங்காலத்தை நோக்கிய வாழ்வும் பற்றியது அது. ஹாஃப்ஸ்டெட் பெருந்தன்மையோடு அதை ஐந்தாவதாகத் தம் சாஸ்திரத்தில் சேர்த்துக்கொண்டார். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட விடைத்தாள்களில் காணக் கிடைக்காத ஒன்று, கேள்வி கேட்பவர் மாறியதும் கிடைத்துவிட்டது. ஹாத்தார்ன் பேட்டிகளில் கண்ட அதே உண்மை இங்கே தேசங்களின் அளவில் மெய்யாயிற்று.

நான்காவது நிகழ்ச்சி பணத்தைப் பற்றியது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தில் 1985-இல் தொடங்கிய சர்வதேச மோட்டார் வாகன ஆராய்ச்சி ஐந்தாண்டு நடந்தது. ஐம்பது லட்சம் டாலர் செலவாயிற்று. அப்பணத்தைத் தந்தவர்கள் வாகன நிறுவனங்களும் உதிரிப்பாக நிறுவனங்களும் அரசாங்கங்களுமாகிய 36 ஸ்தாபனத்தார். எந்த ஒருவருடைய நன்கொடையும் மொத்தத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஆராய்ச்சியாளர் முதலிலேயே வரம்பு கட்டினார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு விலகினாலும் ஆராய்ச்சி நிற்காது. ஆகவே எவருடைய முகத்தையும் பார்த்து எழுத வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. கூட்டாராய்ச்சியில் சுதந்திரம் என்பது ஆராய்ச்சியாளரின் மனத்திண்மையை மட்டும் நம்பி நிற்கக்கூடாது, ஏற்பாட்டிலேயே அமைந்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்ததில்லை.

அதன் பயன் 1990-இல் வோமாக், ஜோன்ஸ், ரூஸ் மூவரும் வெளியிட்ட நூலில் தெரிந்தது. ஒரே விதமான வேலைகளை ஒப்பிட்டுப் பார்க்கையில், ஒரு காரைப் பூட்டி முடிக்க ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ராமிங்காம் தொழிற்சாலையில் 31 மணி உழைப்பும், டொயோட்டாவின் தகாவோகா தொழிற்சாலையில் 16 மணி உழைப்பும் ஆயின என்று நன்கொடையாளரை நேரே பார்த்துச் சொன்னார்கள். காரணம் ஜப்பானியரின் பிறவிக் குணமோ என்று கருதியவர்களுக்கு கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரம் விடை சொல்லிற்று. அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் மூடிய தொழிற்சாலையை, டொயோட்டாவும் அந்நிறுவனமும் சேர்ந்து 1984-இல் மீண்டும் திறந்தன. பழைய தொழிலாளரில் பெரும்பான்மையோரையே வேலைக்கு எடுத்தார்கள், தொழிற்சங்கமும் அதுவே. நூற்றுக்கணக்கான குழுத் தலைவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்றினார்கள். ஒரு காருக்கு 19 மணி, குறைபாட்டில் தகாவோகாவுக்கு நிகர் என்ற நிலையை அவர்கள் எட்டினார்கள். 1988-இல் விற்பனை சரிந்தபோதும் எவரையும் வீட்டுக்கு அனுப்பாமல், ஓய்ந்த நேரத்தைப் பயிற்சிக்குச் செலவிட்டார்கள். அந்த ஆண்டிலேயே, தொழிலாளர் தரப்பிலிருந்து எழுதிய மைக் பார்க்கர், ஜேன் ஸ்லாட்டர் என்னும் இருவர், இந்த முறை மனிதரை ஓயாத நெருக்கடியில் வைத்து வேலை வாங்குகிறது என்று ஒரு நூலில் வாதிட்டார்கள். மணிக்கணக்கும் குறைபாட்டுக் கணக்கும் எடுத்த ஆராய்ச்சியின் பக்கத்திலேயே களைப்பின் கணக்கும் எடுக்கப்பட்டிருந்தால், இரு சாராரும் ஒரே பிரமாணத்தை முன்வைத்து வாதாடியிருப்பார்கள்; நமக்கும் தெளிவு கூடியிருக்கும்.

இந்நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போது, நல்ல கூட்டாராய்ச்சிக்கு நான்கு நிபந்தனைகள் தாமே வெளிப்படுகின்றன. முதலாவது, பிரசுரிக்கும் உரிமை கல்விக்கழகத்தாரிடம் இருக்க வேண்டும். வியாபார ரகசியத்தையும் தனிமனிதரின் பெயரையும் காப்பதற்காக நிறுவனம் முன்கூட்டிப் படித்துப் பார்க்கலாம், ஆனால் முடிவு கசக்கிறது என்பதற்காகத் தடுக்கக்கூடாது. பணமும் கூடுமானவரை பலரிடமிருந்து வரவேண்டும். இரண்டாவது, கேள்வியை வகுக்கும் இடத்திலேயே தொழிலாளரின் பிரதிநிதியும், ஆராயப்படும் தேசத்தின் அறிஞரும் அமர்ந்திருக்க வேண்டும். பிரிட்டனின் க்ரான்ஃபீல்டு கல்லூரி 1989-இல் ப்ரைஸ் வாட்டர்ஹவுஸ் நிறுவனத்தின் ஆதரவோடு ஐந்து ஐரோப்பிய தேசங்களில் தொடங்கிய மனிதவள ஒப்பாய்வு, இன்று பல கண்டங்களில் அந்தந்த நாட்டுப் பல்கலைக்கழகத்தாரையே பங்காளிகளாகக் கொண்டு நடப்பது இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி. மூன்றாவது, கண்ட முடிவு, அதைத் தந்தவர்களிடம், அவர்களுடைய பாஷையில் திரும்பிச் செல்ல வேண்டும். ஆங்கிலச் சஞ்சிகையில் வெளியான கட்டுரை, வினாத்தாளை நிரப்பிக் கொடுத்த தொழிலாளிக்கு இல்லாததற்குச் சமம். நான்காவது, பத்தாண்டு கழித்தாவது திரும்பி வந்து பார்ப்பதாக வாக்களிக்க வேண்டும்.

நிறுவனத்தார் ஒரு தடை சொல்லக்கூடும்: தொழிலாளர் பிரதிநிதியையும் அமர்த்தினால் ஆராய்ச்சி ஊதியப் பேச்சுவார்த்தையாக மாறிவிடாதா என்று. இந்த அச்சத்தை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஆனால் அவரை வெளியே நிறுத்திவிட்டால் பேச்சுவார்த்தை நின்றுவிடுவதில்லை. அது வினாத்தாளுக்குள்ளேயே நடக்கிறது. தன் விடை யாருடைய மேஜைக்குப் போகும் என்று தெரியாத தொழிலாளி, ஆபத்தில்லாத விடையைக் குறித்துவிட்டுப் போய்விடுகிறான். அவ்விடைகளை எத்தனை நுட்பமான கணித முறையால் ஆராய்ந்தாலும் நாம் காண்பது அவனுடைய எச்சரிக்கையையே அன்றி அவனுடைய உள்ளத்தை அன்று. பேராசிரியர் தரப்பிலும் ஒரு கடமை உண்டு. ஓர் ஆலைக்குள் நுழைந்து தகவல் திரட்டிக்கொண்டு, பட்டமும் பதவியும் பெற்றபின் அந்த வாயிலையே மறந்துவிடுகிற வழக்கம் நம்மிடம் இல்லையென்று சொல்ல முடியாது. நிர்வாகிகள் நம்மை ஐயத்தோடு பார்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் இதற்கான நிலம் பண்பட்டே இருக்கிறது. அகமதாபாத்தில் போராட்டம் நடந்த அதே 1918-இல், பி. பி. வாடியாவும் திரு. வி. க.வும் துணைநிற்கச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. கோவையில் 1956 முதல் ஆலைகள் கூடி நடத்தும் நெசவாராய்ச்சிக் கழகமான சிட்ரா இயங்கிவருகிறது. இன்று ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கொரிய, ஜப்பானிய, அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றின் பேருந்துகள் விடியுமுன் சுற்றுக் கிராமங்களுக்குச் சென்று இளைஞரையும் இளம்பெண்களையும் ஏற்றி வருகின்றன. ஒரே வட்டாரத்து மக்கள், மூன்று கண்டத்து நிர்வாக முறைகளின்கீழ், ஒரே சாலையின் இரு புறங்களிலும் வேலை செய்கிறார்கள். ஹாஃப்ஸ்டெட் ஒரே நிறுவனத்தை வைத்துக்கொண்டு பல தேசத்து மக்களை ஒப்பிட்டார். இங்கே ஒரே மக்களை வைத்துக்கொண்டு பல தேசத்து நிறுவனங்களை ஒப்பிடலாம். உலகில் அதிக இடங்களில் கிடைக்காத இந்த வாய்ப்பை வெளிதேசத்தார் வந்து பயன்படுத்தும் வரை நாம் காத்திருப்பது முறையாகாது.

ஆகையால் மூன்று தரப்பாரையும் நான் வேண்டிக்கொள்கிறேன். நிர்வாகப் பெருமக்களே, அடுத்த முறை பல்கலைக்கழகத்தோடு உடன்படிக்கை எழுதும்போது உங்கள் தொழிலாளரின் பிரதிநிதியையும் அழைத்து, அவர் அறிய விரும்பும் கேள்வி ஒன்றையாவது அதில் சேர்த்து, அவருடைய கையொப்பத்தையும் பெறுங்கள். பேராசிரியப் பெருமக்களே, ஆய்வின் முடிவைத் தமிழில் எழுதி, அந்த ஆலையின் உணவுக்கூடத்தில் நின்று, அதைத் தந்தவர்களுக்கே முதலில் சொல்லுங்கள். அவர்கள் இது தவறு என்று மறுக்கும் இடங்களையும் குறித்துக்கொண்டு வந்து நூலில் சேருங்கள். தொழிற்சங்க நண்பர்களே, ஆராய்ச்சி என்றால் வேலையைப் பிழிவதற்கான சூழ்ச்சி என்று ஒதுங்காமல், உங்கள் கேள்வியோடு வந்து அமருங்கள். முறையாகத் திரட்டிய பிரமாணம் நாளைய ஊதியப் பேச்சில் உங்களுக்கும் ஆயுதமாகும். மாணவர்களே, இந்த ஆராய்ச்சிகளைச் செய்யப்போகிறவர்கள் நீங்கள். எந்த ஆலைக்குள் நுழைந்தாலும், இந்த அறிவு யாரிடமிருந்து வருகிறது, யாரிடம் போய்ச் சேரப்போகிறது என்னும் இரண்டு வினாக்களையும் முதல் நாளிலேயே கேட்டு, அவற்றின் விடையைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.